மரமேறு கயிறு

மரமேறு கயிறு என்பது கவாத்து செய்தல், பட்ட கிளைகளை அகற்றுதல் முதலான பணிகளுக்காக மரத்தின் மேல் ஏறுபவரின் எடையைத் தாங்கும் செயற்கை இழைக் கயிறு ஆகும். இது ஏறுபவர் அணியும் இடுப்புக் கச்சையுடன் இணைத்துப் பயன்படுத்தப்படுகின்றது. முதன்முறையாக இதனை வாங்குபவர் நீட்சி, வலிமை, இழை, நீளம் ஆகிய நான்கையும் கருத்தில் கொள்ளுதல் வேண்டும்.

நீட்சி

பாறையேற்றத்தில் பயன்படும் கயிறு, விழும்போது ஏற்படும் அதிர்ச்சியை உள்வாங்குமாறு நன்கு நீளும். மரப்பணியில் ஏறுபவர் பெரும்பாலும் கயிற்றில் தொங்கியவாறே வேலை செய்வதால், அத்தகைய கயிறு மேலும் கீழும் ஆடி உழைப்பை வீணாக்கும். எனவே குறைநீட்சிக் கயிறுகளே பயன்படுத்தப்படுகின்றன. இவை அதிர்ச்சியை உடலுக்கே கடத்துவதால், ஏறுபவர் எப்போதும் தாங்குபுள்ளிக்குக் கீழே, கயிறு தளராதவாறு இருத்தல் இன்றியமையாதது.

தடிமனும் வலிமையும்

ஐரோப்பிய ஈ.என். 1891 சீர்தரத்தின்படி, 'ஏ' வகைக் கயிறு குறைந்தது 22 கிலோநியூட்டன் விசையைத் தாங்க வேண்டும். இது சுமார் 2,200 கிலோகிராம் எடைக்குச் சமம். முடிச்சு, தேய்மானம் ஆகியவை இவ்வலிமையைக் குறைக்கும். பொதுவாக 11 முதல் 13 மில்லிமீட்டர் வரை விட்டமுள்ள கயிறுகள் பயன்படுகின்றன. தடித்த கயிறு கைப்பிடிக்கு எளிது. மெல்லிய கயிறு எடை குறைந்தது. பிடிமுடிச்சு இடும் சிறுகயிறு முதன்மைக் கயிற்றுக்குப் பொருந்துவதாக இருக்க வேண்டும். இல்லையெனில் முடிச்சு வழுக்கக்கூடும்.

இழை

நைலான் ஈரத்தில் வலிமை குன்றும். பாலியஸ்டர் அவ்வளவாகக் குன்றுவதில்லை, நீட்சியும் குறைவு. வேகமாக இறங்கும்போது உராய்வினால் வெப்பம் உண்டாகும். கடைகளில் மலிவாகக் கிடைக்கும் பாலிபுரொப்பிலீன் கயிறு ஏறத்தாழ 165 பாகை செல்சியசில் உருகிவிடும். பாலியஸ்டர் உருக 250 பாகைக்கு மேல் தேவை. ஆகவே முன்னது மரமேற ஏற்றதன்று.

நீளம்

கிளையின் மேலாகச் சென்று இரட்டையாகத் தொங்கும் முறையில், தாங்குபுள்ளியின் உயரத்தைப் போல் இரு மடங்குக்கும் கூடுதலான கயிறு தேவை. 20 மீட்டர் உயரத்திற்கு 40 மீட்டர் மட்டும் போதாது. முடிச்சுகளுக்கும் நீளம் வேண்டும். இதனால் 45 மீட்டர்க் கயிறு பலருக்குப் பொருந்தும். கயிறு நிலத்தை எட்டாவிடில், இறங்குபவர் அறியாமலே அதன் முனை பிடிமுடிச்சினூடாக வெளியேறிவிடும். இவ்வகை விபத்தைத் தவிர்க்க முனையில் தடைமுடிச்சு இடப்படுகின்றது.

பராமரிப்பு

ஒவ்வொரு முறையும் ஏறுவதற்கு முன் முழுக்கயிற்றையும் கையால் தடவிச் சோதிக்க வேண்டும். வெட்டு, உருகிய பளபளப்பு, வழக்கத்துக்கு மாறான விறைப்பு அல்லது மென்மை காணப்படின் அக்கயிற்றைக் கைவிட வேண்டும். மரத்துண்டுகளை இறக்கப் பயன்பட்ட கயிற்றில் ஏறலாகாது. முன்வரலாறு தெரியாத பழைய கயிறு, பார்வைக்கு நன்றாக இருப்பினும் தவிர்க்கத்தக்கது.