தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டமும் கூலியும்: விழுப்புரம், திண்டிவனம் வட்டாரம்

வேலையின்போது நேரும் விபத்துக்கு முதலாளி இழப்பீடு தர வேண்டும் என்னும் சட்டம் இந்தியாவில் 1923-இல் இயற்றப்பட்டு, 1924 சூலை 1 முதல் நடைமுறைக்கு வந்தது. விழுப்புரமும் திண்டிவனமும் அப்போது தென்னார்க்காடு மாவட்டத்தில் இருந்தன. விழுப்புரம் சந்திப்பின் தண்டவாளத்தில் உழைத்தவர்களுக்கு இச்சட்டம் பொருந்தியது. அருகிலேயே மல்லாட்டைக் கொல்லையில் களை எடுத்தவர்களுக்குப் பொருந்தவில்லை.

இறப்புக்கு 30 மாதக் கூலி அல்லது 2,500 ரூபாய், இவற்றுள் எது குறைவோ அது வழங்கப்பட்டது. கூலியே இழப்பீட்டுக்கு அளவுகோலாகும் முறை அன்றே தொடங்கிவிட்டது.

2009-ஆம் ஆண்டுத் திருத்தத்தால் இது ஊழியர் இழப்பீட்டுச் சட்டம் எனப் பெயர் பெற்றது. பின்னர் 2020-ஆம் ஆண்டின் சமூகப் பாதுகாப்புத் தொகுப்பில் இணைக்கப்பட்டது. கணக்கிடும் முறை மட்டும் மாறவில்லை: இறந்தவரின் மாதக் கூலியில் பாதியை, வயதுக்குரிய காரணியால் பெருக்க வேண்டும். 30 வயதுக்கு அக்காரணி 207.98. கணக்கில் கொள்ளப்படும் உச்சக் கூலி 2020 சனவரி முதல் 15,000 ரூபாய்.

திண்டிவனத்தை அடுத்த திருவக்கரைப் பகுதியின் கல் குவாரி ஒன்றில் 30 வயதுத் தொழிலாளி இறந்ததாகக் கொள்வோம். மாதம் 15,000 ரூபாய் வாங்கியதற்குச் சான்று இருந்தால், குடும்பத்துக்கு 15,59,850 ரூபாய் கிடைக்கும். பதிவேட்டில் 8,000 என்று மட்டுமே இருந்தால் 8,31,920 ரூபாய்தான். கையில் ரொக்கமாக வாங்கிய மீதிக் கூலிக்குச் சான்று இல்லாததால் ஏழு இலட்சத்துக்கு மேல் போய்விடுகிறது. காப்பீட்டு நிறுவனங்களும் முதலாளி காட்டும் கூலித் தொகையை வைத்தே பிரீமியம் வாங்குகின்றன. எனவே கூலியைக் குறைத்து எழுதினால் முதலாளிக்குச் செலவு குறையும். அந்த மிச்சத்துக்கு விலை கொடுப்பது தொழிலாளியின் குடும்பம்.

இச்சட்டப்படி தொழிலாளி தன் கூலியிலிருந்து எதுவும் செலுத்துவதில்லை. இ.எஸ்.ஐ. திட்டத்தில் அப்படியன்று. 2019 சூலை முதல் தொழிலாளி 0.75 விழுக்காடும் முதலாளி 3.25 விழுக்காடும் செலுத்துகின்றனர். முதலாளி தம் பங்கைக் கூலியில் பிடித்தம் செய்யக் கூடாது.

நேரடியாகப் பிடிக்காவிட்டாலும், கூலி உயர்வைக் குறைத்து அச்செலவை ஈடுகட்ட வழி உண்டு. 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்காவில் இத்தகைய சட்டங்கள் வந்தபோது நடந்ததை பிரைசு பிசுபேக், சான் கேன்டர் என்னும் பொருளியலாளர்கள் ஆராய்ந்தனர். சங்க வலிமை இல்லாத நிலக்கரி, மரத் தொழில்களில் கூலி குறைந்தது. சங்கம் வலுவாக இருந்த கட்டடத் தொழிலில் அந்தக் குறைவு மிகச் சிறிது. குவாரியிலும் செங்கல் சூளையிலும் ஒப்பந்தக்காரர் வழியே வேலைக்கு வருவோரின் நிலை முதல் வகையோடுதான் ஒத்துப்போகிறது.