நாற்பத்தொரு கலை

கல்முனையில் ளுஹர் நேரம் கொழும்பைவிட ஏறத்தாழ எட்டு நிமிடம் முந்தி வரும். சுபஹும் மஃரிபும் பருவத்துக்கேற்ப முன்னும் பின்னும் ஆகும். ளுஹர் இடைவெளி மட்டும் வருடம் முழுக்க அப்படியே நிற்கும், ஏனென்றால் அது நெடுங்கோட்டுக்கு மட்டுமே கட்டுப்பட்டது. கொழும்பு 79 பாகை 51 கலை, கல்முனை 81 பாகை 49 கலை. வித்தியாசம் 1 பாகை 58 கலை. பூமி ஒரு பாகை சுழல நான்கு நிமிடம் எடுக்கிறது. ஆகவே 7 நிமிடம் 52 விநாடி.

இலங்கையின் கடிகாரம் 82 பாகை 30 கலை நெடுங்கோட்டுக்கு வைக்கப்பட்டது. கல்முனை அதற்கு மேற்கே 41 கலை தள்ளியிருக்கிறது. அந்த 41 கலை, கடிகாரத்தில் 2 நிமிடம் 44 விநாடி. தமிழ்நாட்டில் கோணத்தின் கலையையும் ‘நிமிடம்’ என்று எழுதுவோர் உண்டு. அவர்கள் வழக்கில் இதே வாக்கியம், 41 நிமிடம் என்பது 2 நிமிடம் 44 விநாடி என்றாகிவிடும்! நம் பாடநூல்கள் ‘கலை’யைக் கைவிடாமல் வைத்திருப்பது எவ்வளவு பெரிய உதவி என்பது இங்கேதான் தெரிகிறது.

வட்டத்தை 360 ஆகவும், ஒவ்வொன்றையும் அறுபதாகவும் பிரிக்கும் முறை பபிலோனியரின் அறுபதடி எண் முறையிலிருந்து கிரேக்க வானியலுக்குப் போனது. கிரேக்கர் அந்தச் சிறு பங்கை ‘லெப்டொன்’ என்றார்கள்; அது வடமொழியில் ‘லிப்தா’ ஆனது. லத்தீனில் ‘முதற் சிறு பங்கு’, ‘இரண்டாம் சிறு பங்கு’ என்று சொன்னவைதான் சுருங்கி ஆங்கிலத்தின் மினிட், செகண்ட் ஆயின. அரபியில் பாகைக்கு ‘தரஜா’, அதாவது படி. கலைக்கு ‘தகீகா’, நுண்ணியது. தரஜா நம் ஊர்ப் பேச்சில் அந்தஸ்து என்ற பொருளில் இன்றும் புழங்குகிறது. அதுவே வானியலாரின் பாகையும் என்பதைப் பலர் நினைத்துப் பார்ப்பதில்லை.

‘பாகை’, பங்கைக் குறிக்கும் ‘பாகம்’ என்ற வடசொல்லின் வழி வந்தது. ‘கலை’யும் பங்குதான். சந்திரனுக்குப் பதினாறு கலை என்கிறோமே, அந்தக் கலை. ஆரியபட்டர் 499ஆம் ஆண்டளவில் தந்த சைன் அட்டவணை முழுவதும் கலையில்தான் இருக்கிறது. வட்டத்தின் சுற்றளவு 21,600 கலை என்று கொண்டால் ஆரை ஏறத்தாழ 3438 கலை. அந்த நீளத்தைப் பரிதியில் வளைத்து வைத்தால் கிடைக்கும் கோணம் 57 பாகை 18 கலை. நம் உயர்தர மாணவர்கள் ‘ஆரையன்’ என்று படிப்பது அதைத்தான். பஞ்சாங்கக்காரர்கள் நேரத்தையும் அறுபது அறுபதாகவே பிரித்தார்கள். ஆனால் அதற்கு நாழிகை, விநாழிகை. கோணத்துக்குக் கலை, விகலை. இரண்டையும் அவர்கள் ஒரு பெயரில் கலக்கவில்லை.

சாதாரண தரப் பரீட்சைக்கு அட்டவணைப் புத்தகம்தான். இடப்பக்கம் பாகை, மேலே கலை, வலது ஓரத்தில் இடை வித்தியாசம். கலை தனி நிரலில் நிற்பதால் பிழை விட இடமில்லை. சிக்கல் கல்குலேட்டரில் தொடங்குகிறது, ஏனென்றால் அதன் இயல்பான மொழி தசமம்.

கல்முனையின் அகலக்கோடான 7 பாகை 25 கலையை 7.25 என்று தட்டிப் பாருங்கள். 25 கலை என்பது அறுபதில் இருபத்தைந்து. சரியான தசமம் 7.4167. அகலக்கோட்டில் 7.25, நெடுங்கோட்டில் 81.49 என்று கொடுத்தால் கல்முனை தெற்கே 18 கிலோமீற்றரும் மேற்கே 36 கிலோமீற்றரும் நகர்ந்து, கடற்கரையை விட்டு சேனாநாயக்க சமுத்திரத்துப் பக்கம் போய்விடும்.

கேசியோ விஞ்ஞானக் கல்குலேட்டரில் இதற்கென்றே ஒரு பொத்தான் உண்டு: மேலே பாகை, கலை, விகலைக் குறிகள் மூன்றும் பொறித்திருக்கும். 7 தட்டி அதை அழுத்தி, 25 தட்டி மறுபடியும் அதையே அழுத்த வேண்டும். வரைபுக் கல்குலேட்டரான டிஐ-84இல் வழி சுற்று. முதலில் பாகை முறையில் வைக்க வேண்டும். பிறகு ‘செகண்ட்’ அழுத்தி ‘ஆப்ஸ்’ அழுத்தினால் கோணப் பட்டியல் திறக்கும். 1 பாகைக் குறி, 2 கலைக் குறி. விகலைக் குறி அங்கே இல்லை. ‘அல்பா’ அழுத்திக் கூட்டல் பொத்தானில் எடுக்க வேண்டும். விடையைத் திரும்பப் பாகை, கலையாக்க அதே பட்டியலின் 4. அறுபதடி எண் முறை ஒரு பட்டியலின் மூலைக்குள் போய்விட்டாலும், அதை விட்டுவிட எந்தக் கம்பனியாலும் முடியவில்லை.

கல்குலேட்டரைக் கையில் வைத்துக்கொண்டு செய்யத்தக்க நல்ல கணக்கு கிப்லா. கஃபா 21 பாகை 25 கலை வடக்கு, 39 பாகை 50 கலை கிழக்கு. நமக்கும் அதற்கும் நெடுங்கோட்டு வித்தியாசம் 41 பாகை 59 கலை. நம் அகலக்கோட்டின் கோசைனைக் கஃபாவின் அகலக்கோட்டுத் தான்சனால் பெருக்குங்கள். நம் அகலக்கோட்டின் சைனை வித்தியாசத்தின் கோசைனால் பெருக்கி அதிலிருந்து கழியுங்கள். வித்தியாசத்தின் சைனை இந்த விடையால் வகுத்தால் 2.283 வரும். அதைத் தான்சனாகக் கொண்ட கோணம் வடக்கிலிருந்து மேற்கே 66.35, அதாவது நேர் மேற்கிலிருந்து வடக்கே 23.65 பாகை. கலையில் சொன்னால் 23 பாகை 39 கலை. 65 கலை என்று வாசித்துவிடக் கூடாது.

பதினான்காம் நூற்றாண்டில் டமாஸ்கஸ் உமையா பள்ளிவாசலின் நேரக் கணிப்பாளர் அல்-கலீலி, பாகையும் கலையுமாக ஒரு பெரிய கிப்லா அட்டவணையே போட்டு வைத்தார். அது பத்தாம் பாகை அகலக்கோட்டில் தொடங்குகிறது. கல்முனை அதற்கும் தெற்கே இருப்பதால் நம் ஊர் அதற்குள் வராது. நாமேதான் கணிக்க வேண்டும்.

கணித்ததைச் சரிபார்க்க வெயில் போதும். மே 27 அல்லது 28ஆம் திகதி, நம் நேரம் பிற்பகல் 2.48 அளவில் சூரியன் கஃபாவுக்கு நேர் உச்சியில் நிற்கும். ஜூலை 15 அல்லது 16ஆம் திகதி 2.57க்கும் அப்படியே. அந்த நேரத்தில் முற்றத்தில் ஒரு கம்பை நேராக நட்டு, நிழலுக்கு எதிர்த் திசையில் கோடு கிழித்து, நேர் மேற்கிலிருந்து பாகைமானியால் அளந்தால் இருபத்துமூன்றரையைக் கொஞ்சம் தாண்டி நிற்கும்.