"பாட்டிக்கு மயக்கமா இருக்காம்": இதை டாக்டரிடம் எப்படிச் சொல்வீர்கள்?

பாட்டியைப் பலதுறை மருந்தகத்துக்கு அழைத்துப் போகிறீர்கள். "மயக்கமா இருக்குப்பா" என்கிறார் பாட்டி. அதை டாக்டருக்கு நீங்கள்தான் ஆங்கிலத்தில் சொல்ல வேண்டும்.

தலை சுற்றுகிறதா? நினைவு தப்பியதா? கண்ணைத் திறக்க முடியாமல் தூக்கம் தூக்கமாக வருகிறதா? நமக்கு எல்லாமே "மயக்கம்"தான். டாக்டருக்கு ஒவ்வொன்றும் வேறு. தலைசுற்றல் என்றால் காதையும் ரத்த அழுத்தத்தையும் பார்ப்பார். நினைவு தப்பியது என்றால் இதயத்தையும் சோதிப்பார். தூக்கக் கலக்கம் என்றால் மருந்தின் அளவு, ரத்தச் சர்க்கரை மீது சந்தேகம் வரும்.

இந்த இடைவெளியைக் குறைக்கத்தான் மருத்துவர்களுக்கும் தாதியருக்கும் பண்பாட்டுப் புரிதல் பயிற்சி தேவைப்படுகிறது.

ஒரு சொல்லில் என்ன வந்துவிடப் போகிறது?

1980-இல் அமெரிக்காவின் ஃபுளோரிடா மாநிலத்தில், 18 வயது இளைஞர் ஒருவர் சுயநினைவின்றி மருத்துவமனைக்குக் கொண்டுவரப்பட்டார். கியூபா வம்சாவளிக் குடும்பம். "இன்டாக்ஸிகாடோ" என்ற ஸ்பானியச் சொல்லைச் சொன்னார்கள். சாப்பிட்டது ஏதோ ஒத்துக்கொள்ளவில்லை என்பது அவர்கள் சொல்ல வந்தது. ஆனால், அதே மாதிரி ஒலிக்கும் ஆங்கிலச் சொல்லுக்குப் போதை என்று அர்த்தம். அளவுமீறிய போதைப்பொருள் என்று நினைத்துச் சிகிச்சை தரப்பட்டது. உண்மையில் மூளையில் ரத்தக்கசிவு. அது தாமதமாகத்தான் தெரிந்தது. அவருடைய கை, கால்கள் செயலிழந்தன.

சிங்கப்பூரில் 2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி, வீட்டில் ஆக அதிகமாகத் தமிழ் பேசும் குடியிருப்பாளர்கள் 2.5 விழுக்காட்டினர். எதிரே இருக்கும் டாக்டருக்குத் தமிழ் தெரியாமல் இருப்பதே வழக்கம்.

பயிற்சியில் என்ன கற்றுத்தருகிறார்கள்?

- கேள்வி கேட்பது: "இந்தப் பிரச்சினை எதனால் வந்தது என்று நினைக்கிறீர்கள்? இதில் உங்களுக்கு எது பயமாக இருக்கிறது?" மனநல மருத்துவரும் மானுடவியலாளருமான ஆர்தர் கிளைன்மன், 1978-இல் சக ஆய்வாளர்களுடன் முன்வைத்த கேள்விகள் இந்த வகையானவை.

- திருப்பிச் சொல்ல வைப்பது: "சரி டாக்டர்" என்று பெரியவர் தலையாட்டுவது மரியாதைக்காகவும் இருக்கலாம். "வீட்டுக்குப் போய் மாத்திரையை எப்படிச் சாப்பிடுவீங்க?" என்று கேட்டால்தான் புரிந்ததா என்று தெரியும்.

- பழக்கத்தை மதிப்பது: நீரிழிவு உள்ள ஒருவரிடம் "நோன்பு இருக்காதீங்க" என்று மட்டும் சொன்னால், அவர் சொல்லாமலே இருக்கக்கூடும். முன்கூட்டியே பேசினால், நோன்பு பாதுகாப்பானதா என்று பார்த்து மருந்தின் அளவையும் நேரத்தையும் மாற்ற முடியும்.

அப்படியென்றால், "இந்தியர்கள் இப்படித்தான்" என்று பட்டியல் போட்டு மனப்பாடம் செய்வதா?

இல்லை. அதுவே ஆபத்து. எல்லா இந்தியரும் சைவம் சாப்பிடுவதில்லை. எல்லாத் தமிழரும் ஒரே சமயத்தவர் இல்லை. அமெரிக்க மருத்துவர்களான மெலனி டெர்வலோனும் ஜேன் மரே-கார்சியாவும் 1998-இல் "பண்பாட்டுப் பணிவு" என்ற கருத்தை முன்வைத்தார்கள். எல்லாம் தெரியும் என்று நினைக்காமல், நோயாளியிடமிருந்தே தொடர்ந்து கற்றுக்கொள்வது அதன் சாரம்.

நீங்கள் என்ன செய்யலாம்?

- பாட்டி சொன்ன சொல்லுக்கு நீங்களே அர்த்தம் முடிவு செய்யாதீர்கள். "எப்படி இருக்கு பாட்டி? எழுந்து நிக்கும்போதா, படுத்திருக்கும்போதா?" என்று கேட்டு, அந்த விவரத்தைச் சொல்லுங்கள்.

- கஷாயம், லேகியம், நாட்டு மருந்து எதுவானாலும் மறைக்காதீர்கள். சில, மாத்திரையோடு சேர்ந்து பாதிப்பை உண்டாக்கலாம்.

- அறுவைச் சிகிச்சைக்குச் சம்மதம், கடுமையான நோய் பற்றிய செய்தி போன்றவற்றுக்கு மொழிபெயர்ப்பாளர் கிடைப்பாரா என்று கேளுங்கள். அன்பினால் சிலவற்றை நாம் விட்டுவிடுவோம். "பாட்டி பயந்துடுவாங்க" என்று தோன்றும். ஆனால் உடம்பு பாட்டியுடையது. முடிவெடுக்க வேண்டியவரும் அவர்தான்.

வார்த்தை தெரியாவிட்டால், "இந்தத் தமிழ்ச் சொல்லுக்குப் பல அர்த்தம் இருக்கு டாக்டர்" என்று அப்படியே சொல்லிவிடுங்கள். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. பயிற்சி பெற்ற டாக்டர், அடுத்த கேள்வியைப் பாட்டியிடமே கேட்பார்.