சண்டிகர் நாற்காலியும் இருப்புப் பதிவேடும்

சூழலுக்கு இசைந்த அறைகலன் குறித்த உரையாடல்கள் பெரும்பாலும் மூலப்பொருளில் தொடங்கி மூலப்பொருளிலேயே முடிந்துவிடுகின்றன. தேக்கா, மூங்கிலா, மறுசுழற்சி செய்த நெகிழியா என்று கேட்கிறோம். தேவையான கேள்விகள்தாம். ஆயினும் வரலாற்று மாணவர் கேட்க வேண்டிய வேறு மூன்று கேள்விகள் உள்ளன. அந்த அறைகலன் எத்தனை ஆண்டுகள் புழங்கியது? பழுதுற்றபோது அதனைச் சீர்செய்தவர் யார்? இனி உதவாது என்று எழுதிக் கையொப்பமிட்டவர் யார்? இம்மூன்றுக்கும் விடை தேடுவோருக்குச் சண்டிகர் நகரத்து நாற்காலியைவிடத் தெளிவான சான்று இந்தியாவில் அரிது.

1947 பிரிவினையில் லாகூர் பாகிஸ்தானுக்குச் சென்றது. இந்தியப் பஞ்சாபுக்குப் புதிய தலைநகர் தேவைப்பட்டது. 1951 முதல் லெ கொர்பூசியே தலைமையில் நகரத் திட்டம் உருவானது. அவர் ஆண்டுக்கு இருமுறை வந்து சென்றார். அவருடைய உறவினரான பியர் ஜானரே 1965 வரை நகரிலேயே தங்கிப் பணியை நடத்தினார். தலைமைச் செயலகம், உயர்நீதிமன்றம், சட்டமன்றம், பல்கலைக்கழகம், நூலகங்கள், குடியிருப்புகள் என்று கட்டடங்கள் எழுந்தன. அவற்றை நிரப்ப ஆயிரக்கணக்கில் நாற்காலியும் மேசையும் அலமாரியும் வேண்டியிருந்தன. இறக்குமதிக்குப் பணம் இல்லை. பெரிய அறைகலன் ஆலைகளும் அருகில் இல்லை. இருந்தவை மரமும் பிரம்பும் தச்சர் கைகளுமே. ஜானரேயும், யூலி சௌத்ரி போன்ற இந்தியக் கட்டடக் கலைஞர்களும் இந்த வரம்புக்குள் நின்றே வடிவமைத்தனர்.

அந்த வடிவமைப்பின் தன்மையைச் சற்றே நின்று நோக்கலாம். கவிழ்த்த 'வி' எழுத்தைப் போன்ற கால்கள், நேரான மரத்துண்டுகள், இருக்கைக்கும் முதுகுக்கும் பிரம்புப் பின்னல். தேக்கு கரையானுக்கும் ஈரத்துக்கும் எளிதில் ஆட்படாது. கோடையில் 40 பாகையைக் கடக்கும் ஊரில் பிரம்புப் பின்னல் உட்கார்ந்திருப்பவரின் முதுகுக்குக் காற்று விடும். மரத்தை ஆவியில் வளைக்கும் எந்திரமோ சிறப்பு அச்சுகளோ வேண்டியதில்லை. ஒரே வடிவம் பல பட்டறைகளில் செய்யப்பட்டதால் நாற்காலிக்கு நாற்காலி அளவிலும் மெருகிலும் சிறு வேறுபாடுகள் உண்டு. கால் முறிந்தால் அருகிலிருக்கும் தச்சரே மற்றொன்று செய்து பொருத்திவிடலாம். இன்று சூழலியல் வடிவமைப்புப் பாடநூல்கள் பரிந்துரைக்கும் பண்புகளான உள்ளூர்ப் பொருள், குறைந்த ஆற்றல், பிரித்துப் பழுதுபார்க்கும் வசதி ஆகிய மூன்றும், அப்பெயர்கள் சூட்டப்படும் முன்னரே, தட்டுப்பாட்டின் விளைவாக அங்கு அமைந்துவிட்டன.

பிரம்பு தேயும் பொருள். சில ஆண்டுகளில் தொய்ந்து அறுந்துவிடும். இதனைக் குறை என்று எண்ண வேண்டியதில்லை. தேயும் பகுதியையும் நிலைக்கும் சட்டகத்தையும் வேறாக வைத்ததே அந்த நாற்காலியின் நெடுவாழ்வுக்கு அடிப்படை. பின்னலை மாற்றினால் நாற்காலி புதிதாகிவிடும். அதற்கு ஆள் வேண்டும். நாற்காலிக்குப் பிரம்பு பின்னுதல் பார்வையற்றோர் பள்ளிகளில் கற்பிக்கப்பட்ட தொழில். அரசுப் பணிகளுள் பார்வையற்றோருக்கு உகந்தது என்று வகைப்படுத்தப்பட்டதும்கூட. ஆக, பழுதுபார்ப்பு அக்காலத்தில் நல்லெண்ணம் சார்ந்த செயலாக மட்டும் இருக்கவில்லை. பணியிடமும் ஊதியமும் கைத்திறனும் கொண்ட ஏற்பாடாக இருந்தது. பஞ்சு மெத்தை நாற்காலிகளும் வார்த்தெடுத்த நெகிழி நாற்காலிகளும் அலுவலகங்களுக்குள் வந்தபோது இவ்வேற்பாடு மெல்லத் தளர்ந்தது. அது தளர்ந்ததும், அறுந்த பின்னல் பழுது என்ற நிலையிலிருந்து கழிவு என்ற நிலைக்கு மாறிற்று.

அடுத்து நிகழ்ந்தது பலரும் அறிந்ததே. சண்டிகர் அலுவலகங்களின் மாடிகளிலும் பின்முற்றங்களிலும் நாற்காலிகள் குவிந்தன. விதிப்படி அவை பதிவேட்டிலிருந்து நீக்கப்பட்டு, பழைய சாமான்களாக ஏலம் விடப்பட்டன. 1990களின் பிற்பகுதி முதல் ஐரோப்பிய வணிகர்கள் அவற்றை மொத்தமாக வாங்கிச் சென்றனர்; பழுது நீக்கி, பாரிஸ், லண்டன், நியூயார்க் ஏல அரங்குகளில் இலட்சக்கணக்கான ரூபாய்க்கு விற்றனர். இங்கே ஒரு முரண் உண்டு. ஒவ்வொரு நாற்காலியிலும் துறையின் பெயர்ச் சுருக்கமும் எண்ணும் வண்ணத்தால் எழுதப்பட்டிருக்கும். எழுத்தர் கணக்குக்காக இட்ட அந்தக் குறியே இன்று அயலக ஏலத்தில் நாற்காலியின் உண்மைத்தன்மைக்குச் சான்றாகி விலையை உயர்த்துகிறது. ஏலப் பட்டியல்கள் ஜானரேயின் பெயரைப் பெரிதாக அச்சிடுகின்றன. அதே மரத்தை இழைத்த தச்சர்களின் பெயர்கள் அவற்றில் இடம்பெறுவதில்லை.

இந்த நாற்காலிகள் வெளியேறிக்கொண்டிருந்த காலத்தில் காடுகளைப் பற்றி அரசு என்ன கூறிக்கொண்டிருந்தது? 1988 தேசிய வனக் கொள்கை மரத்துக்கு மாற்றுப் பொருள்களை இயன்றவரை பயன்படுத்துவதைத் தன் நோக்கங்களுள் ஒன்றாக அறிவித்தது. 1993 இல் மத்தியப் பொதுப்பணித் துறை தன் கட்டுமானங்களில் மரத்தைத் தடைசெய்தது. கதவுக்கும் சன்னலுக்கும் இரும்பு, அலுமினியம், நெகிழி வந்தன. நீலகிரியின் கூடலூர்க் காடுகளைக் காக்கக் கோரி 1995 இல் தொடுக்கப்பட்ட கோதவர்மன் வழக்கில், 1996 டிசம்பர் 12 அன்று உச்ச நீதிமன்றம் நாடு முழுவதும் மரவெட்டுக்குக் கடும் கட்டுப்பாடுகளை விதித்தது. காடழிப்பின் வேகத்தைக் கண்டோர் இவற்றின் தேவையை மறுக்க இயலாது. ஆனால் இவை அனைத்தும் காட்டில் நிற்கும் மரத்தையே எண்ணின. ஏற்கெனவே வெட்டப்பட்டு நாற்காலியாக அலுவலகத்தில் இருந்த மரத்தை எந்தக் கணக்கும் எண்ணவில்லை. புதிய மரத்தைத் தவிர்க்கச் சொன்ன அரசும் பழைய தேக்கைக் கழித்துத் தள்ளிய அரசும் ஒன்றே. அதன் இரு கைகளும் ஒன்றையொன்று அறியாமல் இயங்கின.

எளிய கணக்கு ஒன்றைப் போட்டுப் பார்க்கலாம். உலர்ந்த மரத்தின் எடையில் ஏறத்தாழப் பாதி கார்பன். 10 கிலோ மரம் கொண்ட நாற்காலியில் 5 கிலோ கார்பன் அடங்கியிருக்கும். கார்பன் டை ஆக்சைடாகக் கணக்கிட்டால் சுமார் 18 கிலோ. நாற்காலி புழங்கும் வரை அது வளிமண்டலத்துக்குத் திரும்புவதில்லை. தேக்குத் தோட்டத்தில் மரம் முற்றி வெட்டுக்கு வர 50 முதல் 60 ஆண்டுகள் ஆகின்றன. எனவே தேக்கு நாற்காலி குறைந்தது அத்தனை ஆண்டுகளேனும் புழங்கினால்தான், வெட்டிய மரத்தின் இடத்தில் மற்றொன்று வளர்ந்து ஈடாகும். 1950களின் இறுதியில் செய்து 1990களின் இறுதியில் கழித்த நாற்காலிக்கு 40 ஆண்டுகளே ஆகியிருந்தன. மரம் வளரும் காலத்துக்கும் குறைவு அது. வடிவமைப்பு அதற்கு வழங்கிய ஆயுளை அலுவலக நடைமுறை வெட்டிச் சுருக்கிவிட்டது.

விழிப்பு தாமதமாக வந்தது. 1972 ஆம் ஆண்டின் தொல்பொருள், கலைக் கருவூலச் சட்டம் பொதுவாக 100 ஆண்டுகள் கடந்த பொருள்களையே தொல்பொருளாகக் கொள்வதால் இந்நாற்காலிகள் அதன் காப்புக்குள் வரவில்லை. 2011 இல் ஒன்றிய உள்துறை அமைச்சகம் இவற்றை விற்கத் தடை விதித்தது. பின்னர் நடந்த கணக்கெடுப்பில் 12 ஆயிரத்துக்கும் மேற்பட்ட பொருள்கள் மரபுரிமை அறைகலன்களாக அடையாளம் காணப்பட்டன. 2016 இல் சண்டிகரின் கேபிட்டல் வளாகம் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம்பெற்றது. இவை வரவேற்கத்தக்கவையே. எனினும் நாற்காலிக்கு இப்போது இருப்பவை இரண்டு கதிகள்: கழிவு அல்லது காட்சிப்பொருள். பழுதுபார்த்துத் தொடர்ந்து உட்காரும் மூன்றாம் கதிக்குப் பதிவேட்டில் பத்தி இல்லை.

ஆகவே நிலைபேறு என்பதை வடிவமைப்பாளரின் மேசையில் மட்டும் தேடுவது போதாது. கொள்முதல் விதி, பராமரிப்பு நிதி, பழுதுபார்ப்பவரின் பணியிடம், கழிவு செய்யும் குழுவின் அதிகாரம் ஆகிய நான்கும் சேர்ந்தே அறைகலனின் ஆயுளைத் தீர்மானிக்கின்றன. மிகச் சிறந்த வடிவமைப்பும் இவை துணை நில்லாதபோது நாற்பதே ஆண்டுகளில் முற்றத்துக் குவியலாகிவிடும் என்பதற்குச் சண்டிகரே சாட்சி.

ஆய்வு மாணவர்களுக்கு ஒரு வேண்டுகோள். பழமையான கல்லூரி, நீதிமன்றம், இரயில் நிலையம் எதுவாயினும் அதன் இருப்புப் பதிவேடுகளையும் கழிவு ஏலக் கோப்புகளையும் வரலாற்று ஆவணங்களாகக் கருதிப் படியுங்கள். எந்த ஆண்டில் பிரம்பு பின்னுவதற்கான செலவு நின்றது, எந்த ஆண்டில் புதிய நாற்காலிகளின் கொள்முதல் தொடங்கிற்று என்ற இரு தேதிகள் கிடைத்தாலே ஒரு நல்ல ஆய்வுக்கட்டுரைக்கு அடித்தளம் அமைந்துவிடும். உங்கள் துறையிலேயே கால் ஆடும் பழைய நாற்காலி ஒன்று மூலையில் கிடந்தால், அடுத்த கழிவுப் பட்டியலில் அது சேரும் முன் தச்சர் ஒருவரை அழைத்துக் காட்டுங்கள்.