குழந்தைக்கு ‘ராஜா’, ‘ராணி’ அர்த்தத்தில் பெயர் தேடுறீங்களா? பதிவு செய்யும் முன் இதைப் படிங்க!

அரச குடும்பப் பெயர் என்றாலே ‘ராஜா’ என்று அர்த்தம் என நினைப்பவர்கள் பலர். ஆனால், எல்லாப் பெயருக்கும் அது பொருந்தாது. மதுரை கீழக்குயில்குடி சமணர் மலையே இதற்கு நல்ல உதாரணம்.

மலையில் உள்ள மாதேவிப் பெரும்பள்ளி, 9-ம் நூற்றாண்டுப் பாண்டிய மன்னர் பராந்தக வீரநாராயணனின் அரசி வானவன் மாதேவி பெயரால் அமைந்தது. ‘மாதேவி’ என்றால் பட்டத்து அரசி. ‘வானவன்’ என்பது சேரர் பட்டம். அதாவது, அவர் பிறந்த வீட்டைச் சொல்லும் பெயர் இது.

தமிழில் என்ன இருக்கு?

நேரடியாக ‘அரசன்’ எனப் பொருள் தருபவை: வேந்தன், கோ. பெண் குழந்தைக்கு அரசி, கோமகள். செழியன், மாறன், வழுதி ஆகியவை பாண்டியர் பெயர்கள். இதில் செழியனின் வேர் ‘செழிப்பு’. மதுரை அருகே மாங்குளத்தில், 2,000 ஆண்டுகளுக்கும் பழமையான தமிழிக் கல்வெட்டிலேயே நெடுஞ்செழியன் பெயர் உண்டு. மாறன் என்றால் மன்மதன் என்றும் பொருள் வரும்.

பிற மொழிகளில்?

* சமஸ்கிருதம்: நரேஷ், பூபதி - மன்னன்
* அரபி: அமீர் - தலைவர், இளவரசர், மலிகா - அரசி
* பாரசீகம்: ஷாஜகான் - உலகின் மன்னர்
* எபிரேயம்: சாரா - இளவரசி
* லத்தீன்: ரெஜினா - அரசி
* கிரேக்கம்: பேசில் - அரசருக்குரிய

ஒரு எழுத்தில் மாறும் அர்த்தம்

‘மலிகா’ என்றால் அரசி. ஒரு ‘ல்’ கூடி ‘மல்லிகா’ ஆனால், அது நம்ம ஊர் மல்லிகைப்பூ! இரண்டுமே அழகான பெயர்தான். ஆனால், ஆதார், பள்ளிச் சான்றிதழ், பாஸ்போர்ட்டில் எழுத்து மாறினால் அலைச்சல் நிச்சயம். எனவே தமிழ், ஆங்கிலம் இரண்டிலும் எழுத்துக்கூட்டலை முதலிலேயே முடிவு செய்துவிடுங்கள்.

அவசரம் வேண்டாம்

பிறப்பை 21 நாட்களுக்குள் பதிவு செய்ய வேண்டும். ஆனால், அதற்குள் பெயர் வைத்தே ஆகணும்னு இல்லை. பெயர் இல்லாமலும் பதிவு செய்யலாம். பதிவு செய்த நாளிலிருந்து 12 மாதங்களுக்குள் கட்டணமின்றி பெயரைச் சேர்க்கலாம். அதன்பின் 15 ஆண்டுகள் வரை தாமதக் கட்டணத்துடன் சேர்க்கலாம். ஆனால், ஒருமுறை பதிவான பெயரை முழுசாக மாற்றுவது எளிதல்ல. அரசிதழ் அறிவிப்பு வரை போக வேண்டியிருக்கும். அதனால், இணையப் பட்டியலில் பார்த்த பெயரை அகராதியிலும் ஒருமுறை சரிபார்த்துவிட்டு முடிவெடுங்கள்.