கணினியின் பாயிரம்

மேசைக் கணினியின் பொத்தானை அழுத்துகிறோம். விசிறி சுழலத் தொடங்குகிறது. சில கணினிகளில் ஒரு சிற்றொலி எழுகிறது. கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்துகள் ஓடி மறைகின்றன. பிறகு நமக்குப் பழகிய முகப்பு வந்து நிற்கிறது. இந்தச் சிறு இடைவெளியைப் பொறுமையின்றிக் கடப்பதே நம் வழக்கம். ஆனால் அதற்குள் ஒரு பழைய தருக்கச் சிக்கல் அன்றாடம் எழுந்து, அன்றாடம் தீர்க்கப்படுகிறது.

சிக்கல் இதுதான். நினைவகத்தில் உள்ள ஆணைகளை ஒன்றன்பின் ஒன்றாக எடுத்து நிறைவேற்றுவதே கணினியின் தொழில். மின்சாரம் நின்றால் அந்த நினைவகம் வெறுமையாகிவிடும். இயங்குதளம் முழுவதும் வன்தட்டில் பத்திரமாக இருக்கிறது. ஆனால் அதை அங்கிருந்து நினைவகத்துக்குக் கொண்டுவரவும் ஆணைகள் வேண்டும். அவையும் வன்தட்டிலேயே இருந்தால், அவற்றைக் கொண்டுவருவது எது? பெட்டியின் சாவியை அதே பெட்டிக்குள் வைத்துப் பூட்டிவிட்ட கதைதான்.

ஆங்கிலத்தில் இதற்கு அமைந்த பெயர் சுவையானது. பூட்ஸின் பின்புறம் உள்ள வாரைப் பிடித்துத் தன்னைத் தானே மேலே தூக்கிக்கொள்வது என்பது 19ஆம் நூற்றாண்டில் நடக்கவே முடியாத செயலைக் குறித்த கேலித்தொடர். அந்த வாரின் பெயரான 'பூட்ஸ்டிராப்' கணினித் துறைக்கு வந்து 'பூட்' எனச் சுருங்கியது. நடக்காததைக் குறித்த சொல் நாள்தோறும் நடப்பதற்குப் பெயராகிவிட்டது. ஆயினும் அந்தப் பெயர் முழு உண்மையைச் சொல்லவில்லை. எந்தக் கணினியும் தன்னைத் தானே தூக்கிக்கொள்வதில்லை. வேறொருவர் முன்பே எழுதிவைத்த ஏதோ ஒன்று அங்கே காத்திருக்கிறது. அதை எழுதியவர் யார் என்ற கேள்விக்குக் காலந்தோறும் விடை மாறிவந்திருக்கிறது.

தொடக்கத்தில் விடை எளிது: கணினியின் முன் நிற்பவரே. 1948 ஜூன் 21 அன்று மான்செஸ்டர் பல்கலைக்கழகத்தில், நினைவகத்தில் ஏற்றிவைத்த நிரலை ஒரு மின்னணுக் கணினி முதன்முதலாக இயக்கிக் காட்டியபோது, அதன் 17 ஆணைகளும் விசைகளைக் கொண்டு கையாலேயே ஏற்றப்பட்டன. 17 ஆணைகளுக்கு அது சரி. ஆயிரத்துக்கு?

அடுத்த ஆண்டே கேம்பிரிட்ஜில் விடை கிடைத்தது. மாரிஸ் வில்க்ஸ் தலைமையில் உருவான எட்சாக் கணினி 1949 மே 6 அன்று முதல் நிரலை இயக்கி, வர்க்க எண்களின் பட்டியல் ஒன்றை அச்சிட்டது. அதற்கென 'தொடக்க ஆணைகள்' என்ற 31 ஆணைகளை எழுதியவர் ஆய்வு மாணவரான டேவிட் வீலர். அப்போது அவருக்கு வயது 22. தொலைபேசி நிலையங்களில் இணைப்பை மாற்றப் பயன்பட்ட சுழல் விசைகளில் அந்த 31 ஆணைகளும் கம்பிகளாகவே பதிக்கப்பட்டிருந்தன. மின்சாரம் போனாலும் அழியாதவை. தொடக்கப் பொத்தானை அழுத்தினால் அவை நினைவகத்துக்குள் இறங்கும். பிறகு துளையிட்ட காகித நாடாவிலிருந்து எஞ்சியதைத் தாமே படித்துக்கொள்ளும். படிப்பதோடு அவை நிற்கவுமில்லை. நாடாவில் மனிதர் எழுத்துகளாகவும் பதின்ம எண்களாகவும் எழுதியதைக் கணினியின் இரும எண்களாக மாற்றியும் தந்தன. 31 ஆணைகளுக்குள் இவ்வளவையும் அடக்கிய சுருக்கத்தைச் சூத்திரம் என்றே சொல்லத் தோன்றுகிறது. இந்த வரலாற்றில் நான் மிகவும் மதிக்கும் பனுவல் இதுவே.

நம் நூல் மரபில் சிறப்புப்பாயிரம் என்று ஒன்று உண்டு. அதை நூலாசிரியர் தாமே எழுதிக்கொள்வதில்லை. அவருடைய ஆசிரியரோ, உடன் பயின்றவரோ, மாணவரோ, உரைகாரரோ எழுதுவர். தொல்காப்பியத்துக்குப் பனம்பாரனார் எழுதினார். நூலுக்குள் நுழையும் வாயில் பிறர் கையால் அமைகிறது. வீலரின் 31 ஆணைகளையும் கணினியின் பாயிரம் எனலாம்.

வீலரின் வழி எங்கும் உடனே பரவிவிடவில்லை. 1952இல் ஐபிஎம் அறிவித்த 701 கணினியில் ஏற்றுவதற்கென்றே தனிப் பொத்தான் இருந்தது. அதை அழுத்தினால் அட்டையிலிருந்தோ காந்த நாடாவிலிருந்தோ 36 பிட்டுகள் கொண்ட ஒரே ஒரு 'சொல்' உள்ளே வரும். அந்தச் சொல்லில் அடங்கிய இரண்டு ஆணைகள் அடுத்தவற்றை இழுத்துவரும். சிறிய கணினிகளிலோ விரலே நெடுங்காலம் வேலை செய்தது. 1975இல் ஆல்டேர் 8800 கணினிக்காகத் தாமும் பில் கேட்ஸும் எழுதிய பேசிக் மொழிபெயர்ப்பியைக் காகித நாடாவில் எடுத்துக்கொண்டு பால் ஆலன் அல்புகர்க்கி நகருக்கு விமானத்தில் சென்றார். அந்த நாடாவைப் படிக்கச் சொல்லும் தொடக்க நிரலை எழுதவே இல்லை என்பது வழியில்தான் நினைவுக்கு வந்தது. விமானத்திலேயே எழுதி முடித்துச் சேர்ந்த இடத்தில் கையால் ஏற்றினார். இரண்டும் இரண்டும் எத்தனை என்ற கேள்விக்கு ஆல்டேர் நான்கு என்று விடையளித்தது. பாயிரம் மறந்துபோனால் நூல் வெறும் துளையிட்ட காகிதம்தான்.

1981 ஆகஸ்ட் 12 அன்று ஐபிஎம் தன் தனியாள் கணினியை வெளியிட்டபோது முதற்சொல் விரலைவிட்டு ஒரு நிறுவனத்தின் சில்லுக்குள் குடிபுகுந்தது. 'பயோஸ்' எனப்படும் அந்தத் தொடக்க நிரல், படிக்க மட்டுமே இயலும் நினைவகத்தில் பதிந்திருந்தது. மின்சாரம் வந்ததும் அதன் 8088 செயலி எப்போதும் ஒரே முகவரிக்குத்தான் செல்லும்: 10,48,560. அது எட்டக்கூடிய மொத்த நினைவகம் 10,48,576 பைட்டுகள். ஆக, முடிவுக்கு 16 பைட்டுகளே மிச்சமிருக்கும் இடம். அதில் என்ன எழுத முடியும்? 'அங்கே போ' என்று 5 பைட்டுகளில் ஓர் ஆணை; அதையடுத்து, பயோஸ் எழுதி முடிக்கப்பட்ட தேதி, 1981 ஏப்ரல் 24. ஏட்டின் இறுதியில் நாள் குறித்துவைக்கும் பிரதியாளரின் பழக்கம் இங்கேயும்!

அங்கிருந்து தாவிச் செல்லும் பயோஸ் நினைவகத்தைச் சோதிக்கும், விசைப்பலகையைத் தேடும், நலமெனில் ஒரு முறை ஒலிக்கும். பிறகு நெகிழ்வட்டின் முதல் 512 பைட்டுகளை நினைவகத்தில் இறக்கி, ஆட்சியை அவற்றிடம் ஒப்படைத்துவிடும். வந்திருப்பது யார், எங்கிருந்து வந்தது என்று அது கேட்பதில்லை. இந்த நம்பிக்கையைத்தான் 1986இல் லாகூரில் எழுதப்பட்ட 'பிரெய்ன்' நச்சுநிரல் பயன்படுத்திக்கொண்டது. அது ஒளிந்திருந்த இடம் வட்டின் அந்த முதல் பகுதியே. 1999 ஏப்ரல் 26 அன்று 'சிஐஎச்' என்ற நச்சுநிரல் இன்னும் ஆழத்துக்குப் போய், பல கணினிகளின் பயோஸையே அழித்தது. தொடக்க நிரலே போய்விட்ட கணினியில் வன்தட்டு நலமாக இருந்தும் பயனில்லை.

பயோஸை அடியோடு வரி வரியாகத் தன் கையேட்டிலேயே ஐபிஎம் அச்சிட்டிருந்தது. எவரும் படிக்கலாம், படியெடுத்தால் பதிப்புரிமை மீறல். போட்டி நிறுவனங்கள் ஒரு வழி கண்டன. ஒரு குழு மூலத்தைப் படித்து அது என்னென்ன செய்கிறது என்று மட்டும் எழுதித் தரும். மூலத்தைக் கண்ணாலும் பாராத இன்னொரு குழு அதைக் கொண்டு புதிதாக எழுதும். பொழிப்புரையை மட்டும் வைத்துச் செய்யுளை மீண்டும் இயற்றுவதற்கு ஒப்பான வேலை. காம்பாக் இதைத் தனக்கெனச் செய்தது. பீனிக்ஸ் நிறுவனம் 1984 முதல் கேட்டவர்க்கெல்லாம் விற்றது. ஐபிஎம்முக்கு ஒத்த கணினியை எவரும் செய்து விற்க இயன்றது இதனால்தான். முதற்சொல் ஒருவர் கையை விட்டுப் பலர் கைக்கு வந்த காலம் அது.

மீண்டும் அது ஒரு சிலர் கைக்குப் போனதா என்பது இன்று நம் முன் உள்ள வழக்கு. பயோஸின் இடத்துக்கு வந்த யூஇஎஃப்ஐ முறையில், தொடக்க நிரல் அடுத்து வருவதன் கையொப்பத்தைச் சோதித்த பிறகே ஆட்சியை ஒப்படைக்க முடியும். 2012இல் விண்டோஸ் 8 வந்தபோது இந்தக் காவல் பரவலாயிற்று. பிரெய்ன் போன்றவற்றுக்கு எதிராக இது தேவையான காவல்தான், அதை மறுப்பதற்கில்லை. ஆனால் பெரும்பாலான கணினிகளில் முன்பே பதிந்து வரும் சாவி மைக்ரோசாஃப்ட்டினுடையது. லினக்ஸ் வெளியீடுகள் பல, மைக்ரோசாஃப்ட் கையொப்பமிட்ட ஒரு சிறு நிரலைத் தமக்கு முன் நிறுத்தியே உள்ளே நுழைகின்றன. மேசைக் கணினிகளில் இக்காவலை உரிமையாளர் நீக்கிக்கொள்ள வழி இருந்தது. அதே ஆண்டு வந்த விண்டோஸ் ஆர்டி கையடக்கக் கணினிகளில் அந்த வழி அடைக்கப்பட்டிருந்தது. பாயிரம் எழுதுவோர் நூலாசிரியருக்கு வேண்டியவராக இருக்க வேண்டும் என்றது நம் மரபு. இங்கே அவர் போட்டியாளராகவும் இருக்கிறார்.

இவ்வளவு மாற்றங்களுக்கு இடையிலும் ஒன்று மாறவில்லை. இன்டெலின் மேசைக் கணினிச் செயலிகள், எத்தனை கோடி பைட்டுகளைக் கையாள வல்லவை ஆயினும், விழிக்கும் கணத்தில் 1978இல் வந்த 8086இன் பழைய 16 பிட் நடையிலேயே விழிக்கின்றன. அப்போது அவை முதலில் நாடும் முகவரி 4 கிகாபைட் எல்லைக்குச் சற்றுக் கீழே உள்ளது. அங்கிருந்து எல்லைவரை இருப்பவை 16 பைட்டுகள்.