டப்பாவில் வளர்ந்த புழுவும் மரியாவின் புத்தகமும்

கறிவேப்பிலைச் செடியிலயோ எலுமிச்சைச் செடியிலயோ ஒரு பச்சைப் புழு உட்கார்ந்து இலையைக் கடிச்சிட்டு இருக்கிறதைப் பார்த்திருப்பீங்க. அதை டப்பாவில் வைத்து, தினமும் இலை கொடுத்து, பட்டாம்பூச்சியாகப் பறக்கவிடுறவங்களும் நம்மில் இருக்காங்க. மூன்றரை நூற்றாண்டுக்கு முன்னாலேயே இதை வாழ்நாள் வேலையாகச் செய்த ஒரு பெண்ணைப் பற்றித்தான் இன்னைக்குப் பேசப் போறேன். பெயர் மரியா சிபில்லா மெரியன்.

1647இல் ஜெர்மனியின் பிராங்க்ஃபர்ட் நகரில் பிறந்தவர். மூன்று வயதில் அப்பாவை இழந்தார். அம்மா மறுமணம் செய்துகொண்ட யாகோப் மாரெல் பூக்களை வரையும் ஓவியர். வீட்டுக்குள்ளேயே தூரிகை பிடிக்கக் கற்றுக்கொண்ட மரியா, 13 வயதில் பட்டுப்புழு வளர்க்க ஆரம்பித்தார்.

அந்தக் காலத்தில் பூச்சிகள் சேற்றிலிருந்தும் அழுகலிலிருந்தும் தானாகவே உண்டாகும் என்று நம்பினார்கள். அரிஸ்டாட்டில் காலத்திலிருந்து வந்த நம்பிக்கை அது. பட்டுப்புழு முட்டையிலிருந்து வருவது மட்டும் எல்லோருக்கும் தெரியும். ஏன்னா அதில் காசு இருந்தது! மற்ற புழுக்களைச் சீந்த ஆளில்லை. மரியா கேட்டது சின்னக் கேள்விதான்: பட்டுப்புழு இப்படி மாறுதுன்னா, தோட்டத்துப் புழுக்களும் மாறுமா?

பதில் தெரியணும்னா வளர்த்துப் பார்க்கணும். வளர்க்கிறது லேசான வேலை இல்லை. கண்ட இலையைப் போட்டால் புழு தின்னாது, பட்டினி கிடந்து செத்துப்போகும். எந்தச் செடியில் எடுத்தோமோ அந்த இலைதான் வேணும், அதுவும் வாடாமல். திருமணமாகி, குழந்தைகளை வளர்த்துக்கொண்டு, பெண்களுக்கு ஓவியமும் பூத்தையலும் கற்றுக்கொடுத்துக்கொண்டே மரியா இதைச் செய்தார். என்ன தின்றது, எப்போது தோலுரித்தது, எத்தனை நாளில் வெளியே வந்தது என்று குறிப்பேட்டில் எழுதிவைத்தார். கூட்டுப்புழுவுக்கு அவர் வைத்த பெயர் ‘பேரீச்சங்கொட்டை’. பட்டாம்பூச்சிக்கு ‘கோடைப் பறவை’. பேச்சு வழக்கில் சொன்னால் யாருக்கும் புரியும் இல்லையா?

சில நேரம் கூட்டிலிருந்து பட்டாம்பூச்சி வராது, ஈயோ குட்டிக் குளவியோ கூட்டமாக வரும். அவருக்கு முன்பே பூச்சி வளர்த்துப் புத்தகம் போட்ட டச்சு ஓவியர் யான் கூடார்ட், ஒரே புழு இரண்டு விதமான உயிராக மாறலாம் என்று முடிவு கட்டிவிட்டார். உண்மையில் அவை புழுவுக்குள் முட்டையிட்டு, அதைத் தின்றே வளரும் ஒட்டுண்ணிகள். மரியா அதையும் ஒதுக்காமல் பார்த்தபடி பதிவு செய்தார்.

1679இல் அவருடைய புழுப் புத்தகத்தின் முதல் பாகம் 50 படங்களோடு வந்தது. அறிஞர்கள் லத்தீனில் எழுதிய காலத்தில் இவர் ஜெர்மனில் எழுதினார். புழு, கூடு, பட்டாம்பூச்சி, அது தின்னும் செடி, எல்லாம் ஒரே பக்கத்தில்! பூச்சியைத் தனியாக ஊசி குத்தி வைத்துப் பார்த்தவர்களுக்கு இது புதுசு. எந்தப் புழுவுக்கு எந்தச் செடி என்று இன்னைக்கு நாம தேடுறோமே, அதை அப்போதே படமாகக் காட்டிவிட்டார்.

கணவரைப் பிரிந்து, மகள்களோடு ஆம்ஸ்டர்டாமில் குடியேறினார். அங்கே பணக்காரர்கள் சேகரித்து வைத்திருந்த வெளிநாட்டுப் பூச்சிகளைப் பார்த்தார். எல்லாம் செத்த பூச்சிகள். அவை எப்படி வளர்ந்தன, எதைத் தின்றன என்பதற்கு அங்கே பதிலே இல்லை. அதனால் தன் ஓவியங்களை விற்றுப் பணம் சேர்த்து, 1699இல், 52 வயதில், இளைய மகள் டோரோதியாவோடு தென் அமெரிக்காவின் சுரினாமுக்குக் கப்பல் ஏறினார்.

சுரினாம் அப்போது டச்சுக்காரர்களின் கரும்புக் காலனி. சர்க்கரையை விட்டுவிட்டுப் புழு தேடுகிறாளே என்று தோட்ட முதலாளிகள் கேலி செய்ததை அவரே எழுதியிருக்கிறார். அவருக்குக் காட்டில் வழி வெட்டியவர்களும் பூச்சி கொண்டுவந்தவர்களும் அடிமைகளாக வைக்கப்பட்டிருந்த ஆப்பிரிக்கர்களும் பழங்குடி மக்களும்தான். அவர்கள் யாருடைய பெயரும் புத்தகத்தில் இல்லை. அந்த அடிமை முறையின் பலனை மரியாவும் அனுபவித்தார். இதைச் சொல்லாமல் அவரைக் கொண்டாட எனக்கு மனசு வரலை.

உடல்நலம் கெட்டு 1701இல் திரும்பியவர், 1705இல் 60 படங்களோடு சுரினாம் புத்தகத்தை வெளியிட்டார். அதில் ஒரு பக்கத்தில் நமக்குத் தெரிந்த செடி ஒன்று இருக்கிறது: மயில்கொன்றை. நம்ம ஊர்த் தெருவோரங்களிலும் பூங்காக்களிலும் சிவப்பும் மஞ்சளுமாகப் பூத்து நிற்குமே, அதேதான். பிள்ளைகளும் தங்களைப் போல அடிமையாகிவிடக் கூடாது என்று, கருவைக் கலைக்க அடிமைப் பெண்கள் அதன் விதையைப் பயன்படுத்தினார்கள். அவர்களே தன்னிடம் சொன்னதாக மரியா எழுதுகிறார். புழு தின்னும் செடியைப் பற்றி விசாரிக்கப் போனவரிடம் அந்தப் பெண்கள் தங்கள் வலியைச் சொல்லியிருக்கிறார்கள்.

மரியா 1717இல் இறந்தார். அதே ஆண்டு ரஷ்யப் பேரரசர் பீட்டருக்காக அவருடைய ஓவியங்கள் வாங்கப்பட்டன. பூச்சிகளுக்குப் பெயர் வைத்த லின்னேயஸ் அவர் படங்களை ஆதாரமாகக் காட்டினார். ஆனா 19ஆம் நூற்றாண்டில் சிலர் அவரை நம்பத்தகாதவர் என்று ஓரங்கட்டினார்கள். அவர் வரைந்த, பறவையைத் தின்னும் பெரிய சிலந்தியைக் கட்டுக்கதை என்றார்கள். பிறகு ஹென்றி பேட்ஸ் என்ற இயற்கை ஆய்வாளர் அமேசான் காட்டில் அப்படி ஒரு சிலந்தியைப் பறவையோடு நேரிலேயே பார்த்தார்.

பட்டமோ பல்கலைக்கழகமோ இல்லாமல், ஒரு பெட்டியும் வாடாத இலையும் பொறுமையும் வைத்துக்கொண்டு மரியா கண்டுபிடித்தவை இவை. நீங்களும் புழு வளர்க்கிறவரா இருந்தா, பக்கத்தில் ஒரு நோட்டு வச்சுக்கோங்க. தேதி போட்டு எழுதுங்க. பட்டாம்பூச்சிக்குப் பதிலாக குளவி வந்தாலும் அதையும் எழுதுங்க. அடுத்த எபிசோடில் சந்திப்போம்.